திட்டு விழாத வம்சம்

எண்பதுகளின் நடுவில் நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தேன். வீடு ராஜபாளையம். தினமும் காலையில் பஸ்ஸில் போய்ச் சாயங்காலம் பஸ்ஸில் திரும்புவேன். பொறுமைசாலி என்று என்னை யாரும் சொன்னதில்லை. அரைகுறைப் பதிலைக் கேட்டால் காது கூசும், உடனே இன்னொரு கேள்வி கேட்டுவிடுவேன். பிள்ளைகள் அதற்காகவே எனக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். அதை இங்கே எழுதுவதாக இல்லை.

ஒன்பதாம் வகுப்பில் வடிவியல் ஆரம்பிக்கும் நாளில் ஒவ்வொரு வருஷமும் ஒரே கூத்துதான். நேர்கோடு என்றால் என்ன என்று கேட்பேன். முன்பெஞ்சுக்காரி எழுந்து "வளையாத கோடு டீச்சர்" என்பாள். வளையாதது என்றால் என்ன என்று கேட்பேன். "நேரா இருக்கது டீச்சர்" என்பாள். அப்படியானால் நேர் என்றால்? அவள் பக்கத்தில் இருப்பவளைப் பார்ப்பாள். பக்கத்தில் இருப்பவள் "வளையாதது" என்று முணுமுணுப்பாள். வகுப்பே சிரிக்கும், நானும் சிரித்துவிடுவேன். செக்குமாடு மாதிரி எத்தனை சுற்று சுற்றினாலும் நின்ற இடத்திலேயேதான் நிற்போம்.

பிறகு இரண்டு பிள்ளைகளைக் கூப்பிட்டு ஆளுக்கு ஒரு நுனியாக நூலைக் கொடுப்பேன். எங்கள் ஊர் முழுக்க நூல் மில், நூலுக்கு என்ன பஞ்சம். முதலில் தொய்வாகப் பிடிக்கச் சொல்வேன். பிறகு விறைப்பாக இழுக்கச் சொல்வேன். "இப்ப எப்படி நிக்குதோ அதுதான் நேர்கோடு. இந்த முனைக்கும் அந்த முனைக்கும் இதைவிடக் குறைஞ்ச நூல் போதாது." பிள்ளைகள் தலையாட்டுவார்கள். ஒரு வார்த்தைக்கு விளக்கம் சொன்னால், கேட்கிறவளுக்கு முன்பே தெரிந்த ஏதாவது ஒன்றில் அது போய்க் கால் ஊன்ற வேண்டும். அந்த வார்த்தையின் மேலேயே திரும்பி வந்து உட்காரக்கூடாது. நான் கற்றுக்கொடுத்த கணக்கெல்லாம் மறந்தாலும் இது ஒன்று அவர்களிடம் நின்றால் போதும் என்று நினைப்பேன்.

பள்ளிக்கூடத்தில் இந்தச் சிக்கலை ஒரு முழம் நூலில் தீர்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால், வீட்டில் இதைவிடப் பெரிய வட்டம் காத்திருக்கும். எனக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று சொந்தக்காரர்கள் கேட்டால் அம்மா, "அவ வேலைக்குல்லா போறா" என்பாள். ஏன் வேலைக்கு அனுப்புகிறாய் என்று கேட்டால், "கல்யாணம் ஆகலைல்லா" என்பாள். இரண்டையும் ஒரே ஆளிடம் ஒரே மூச்சில் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். அதற்கு நான் சிரித்துவிட்டுப் போவேன். என் மதினி விஷயத்தில் சிரிக்க முடியவில்லை.

மதினி என் அண்ணனின் மனைவி. வ. புதுப்பட்டியில் விவசாயக் குடும்பத்துப் பெண். அதிகம் பேசமாட்டாள், ஆனால் அவள் இருக்கிற இடம் சுத்தமாக இருக்கும். கல்யாணமாகி ஆறேழு வருஷம் ஆகியும் குழந்தை இல்லை. குழந்தை இல்லை என்பதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அவளுக்கு ராசி இல்லை என்று எங்கள் வீட்டில் முடிவு கட்டியிருந்தார்கள்.

அவள் வந்த மறுமாதம் தோப்புக் கிணற்றில் மோட்டார் எரிந்து போனது. "அவ வந்த ராசி" என்றாள் அம்மா. சினைமாடு குறைமாதத்தில் கன்றைப் போட்டது. அதுவும் அவள் ராசி. சரி, அதே வருஷம் மாமரம் கிளை முறிகிற அளவுக்குக் காய்த்ததே என்று கேட்டேன். "அது மழை பெஞ்சதுக்கு." அண்ணனுக்கு மஞ்சள் காமாலை வந்தபோது ராப்பகலாகப் பக்கத்தில் இருந்து தேற்றியது மதினிதானே என்றேன். "அது கீழாநெல்லிக்குக் கேட்டுச்சு." கெட்டது நடந்தால் மதினி, நல்லது நடந்தால் மழை, பச்சிலை.

ஒருநாள் பொறுக்க முடியாமல் அம்மாவிடம் நேராகவே கேட்டேன். "ராசியில்லாதவன்னா யாரும்மா?"

"அவ வந்தா கெட்டது நடக்கும்."

"நடந்த கெட்டது அவளாலதான்னு எப்படித் தெரியும்?"

"அவதான் ராசியில்லாதவளாச்சே."

என் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளே தேவலை என்று இருந்தது. நான் விடவில்லை. "சரி, நடந்த பொறவு சொல்லாத. இப்பமே சொல்லு. என்ன நடந்தா மதினி ராசிக்காரின்னு ஒத்துக்கிடுவ?" என்றேன். அம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. கோபம் இல்லை, என்னவோ பயந்தவள் மாதிரி இருந்தது. "ஒனக்குப் படிப்பு ஜாஸ்தியாயிட்டு. போயி வேலயப் பாரு" என்று அடுப்படிக்குள் போய்விட்டாள்.

அந்த வருஷம் ஆனி மாதம் சுந்தரபாண்டியத்திலிருந்து பெரியம்மா வந்தாள். அண்ணனுக்கு இன்னொரு பெண் பார்க்கலாம், மூத்தவளைப் புதுப்பட்டிக்கே அனுப்பிவிடலாம் என்று அம்மாவிடம் பேச்சு எடுத்தாள். சட்டப்படி முடியாது என்று நான் சொன்னேன். "சட்டம் கோர்ட்டுல இருக்கட்டும். வம்சம் வீட்லல்லா இருக்கணும்" என்றாள். அம்மா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "ஆடி கழியட்டும்" என்றாள். பக்கத்து அறையில் மதினி துணி மடித்துக்கொண்டிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கும். அன்றிலிருந்து அவள் நாளை எண்ணிக்கொண்டுதான் இருந்திருப்பாள்.

எங்கள் வீட்டு நாயைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ராஜபாளையத்து நாய் என்றால் வெளியூர்க்காரர்களுக்கும் தெரியும். உயரமான உடம்பு, பால் வெள்ளை, ரோஸ் நிற மூக்கு. எங்கள் ஊரில் ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு நிலம் இருக்கிறது என்பதற்கு அடுத்தபடியாக எப்படிப்பட்ட நாய் இருக்கிறது என்று பார்ப்பார்கள். தூய வெள்ளையாக இருக்க வேண்டும். சில வீடுகளில் செவலை நிறத் திட்டோடு ஒன்றிரண்டு குட்டி விழும். அதைக் கழித்துவிடுவார்கள். கழிப்பது என்றால் என்ன என்று நாங்கள் விலாவாரியாகப் பேசுவதில்லை. தோப்புக் காவலுக்குக் கொடுத்தாலும் கழிப்பதுதான், கிணற்றில் போட்டாலும் கழிப்பதுதான்.

எங்கள் வீட்டு நாய்க்கு மட்டும் அப்பா காலத்திலிருந்து ஒரு குட்டிகூடத் திட்டோடு விழுந்ததில்லை என்று பெயர். எதிர்வீட்டுத் தெலுங்குக்காரர் எங்கள் நாயைப் பார்க்கும்போதெல்லாம் "மஞ்சி ஜாதி, நல்ல ஜாதி" என்று தலையாட்டுவார். அண்ணனுக்கு அதில் அவ்வளவு பெருமை. பட்டாளத்திலிருந்தும் போலீஸிலிருந்தும் லீவில் வருகிற சொந்தக்காரர்கள் குட்டிக்கு முன்கூட்டியே சொல்லி வைப்பார்கள். அண்ணன் நல்லவன்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளை இல்லாத வீட்டில் அவன் நாயிடம்தான் அன்றன்றைக்கு நடந்ததைச் சொல்லிக்கொண்டிருப்பான். தாய்நாய் அவன் கையில் வளர்ந்தது, அதன் தாயும் எங்கள் மாட்டுக் கொட்டடியில் பிறந்ததுதான்.

நாய் குட்டி போடும் நாளில் கொட்டடிக்குள் அம்மா ஒருத்திதான் இருப்பாள். அவளுக்குக் கைராசி. அவள் தொட்டு எடுத்தால் குட்டியெல்லாம் வெள்ளை வெளேரென்று விழும் என்று தெருவே சொல்லும். மற்றவர்கள் மறுநாள்தான் பார்க்கலாம். மதினி அந்தப் பக்கமே போகக்கூடாது.

ஆடிப்பூரத் தேருக்கு அம்மாவும் அண்ணனும் ஸ்ரீவில்லிபுத்தூர் போனார்கள். சினையாக இருந்த நாய் குட்டி போட இன்னும் ஒரு வாரமாவது ஆகும் என்று அம்மா கணித்திருந்தாள். எனக்குத் தேர்க்கூட்டம் ஆகாது, பேப்பர் திருத்த வேண்டியதும் இருந்தது. வீட்டுக்குக் காவல் வேண்டும் என்று மதினியையும் விட்டுவிட்டுப் போனார்கள்.

பத்து மணி இருக்கும். கொட்டடிப் பக்கமிருந்து மதினி கூப்பிட்டாள். "செத்த இங்க வாங்களேன்." போய்ப் பார்த்தால், விறகுக்குப் போட்டிருந்த பருத்திமார் குவியலுக்குப் பின்னால் நாய் மண்ணைப் பறித்துப் படுத்துக்கொண்டு இரைத்தது. நான் கை பிசைந்துகொண்டு நின்றேன். நான் முக்கோணத்துக்குத்தான் லாயக்கு. மதினி ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பழைய சாக்கை விரித்தாள்.

முதல் குட்டி மூச்சில்லாமல் விழுந்தது. மதினி அதை அள்ளி, மூடியிருந்த சவ்வைக் கிழித்து, பழந்துணியால் தேய்த்தாள். அது அசையவில்லை. வாயோடு வாய் வைத்து ஊதினாள். மறுபடி தேய்த்தாள். கீச் என்று ஒரு சத்தம் வந்தது. "வந்திட்டு" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவள் பல் தெரியச் சிரித்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அதன்பிறகு ஒவ்வொன்றாக விழுந்தன. எல்லாம் வெள்ளை. இன்றைக்கு அம்மா வாயை அடைத்துவிடலாம் என்று நான் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

கடைசிக் குட்டியின் ஒரு காதும் முதுகில் உள்ளங்கை அகலமும் செவலை.

தாய்நாய் மற்றக் குட்டிகளை நக்கியதுபோலவே அதையும் நக்கியது. "இதையும் எம்பேர்ல எழுதிருவாக" என்றாள் மதினி. யாருக்கும் தெரியாமல் எங்கேயாவது கொடுத்துவிடலாமா, பள்ளிக்கூடத்து வாட்ச்மேன் கேட்டால் வைத்துக்கொள்வார் என்றேன். மதினி அந்தக் குட்டியைத் தாயின் மடியில் சேர்த்துவிட்டாள். "வேண்டாம். அது பாட்டுக்குப் பால் குடிக்கி. நான் எதையும் ஒளிச்சுவச்சு இந்த வீட்ல இருக்க வேண்டாம்" என்றாள்.

சாயங்காலம் அவர்கள் வந்ததும் நான்தான் சொன்னேன். அண்ணன் ஓடினான். குட்டிகளைப் பார்த்து முகமெல்லாம் மலர்ந்தவன் கடைசிக் குட்டியைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டான்.

"இது நம்ம குட்டி இல்ல" என்றான்.

"நான் கண்ணால பார்த்தேன் அண்ணே. இதே வயித்துலதான் வந்துச்சு."

"நம்ம வம்சத்துல திட்டு விழாது."

"விழுந்திருக்கே."

"விழுந்தா அது நம்ம வம்சம் இல்ல."

எனக்கு எங்கிருந்துதான் வருமோ அந்தக் கோபம். "நம்ம வம்சம்னா எது? திட்டு விழாதது. திட்டு விழுந்தா? அது நம்ம வம்சம் இல்ல. இப்படிச் சொன்னா ஒலகத்துல எந்த நாயும் திட்டு விழாத வம்சந்தான்" என்றேன். "அப்ப தாய்நாயும் நம்ம நாய் இல்லையா? நீ சோறு பிசைஞ்சு ஊட்டுன நாய் அண்ணே இது."

அவன் தாய்நாயைப் பார்த்தான். அது வாலைத் தரையில் தட்டியது. அதை அவனால் விட்டுக்கொடுக்க முடியவில்லை, பாவம். நாயும் சரி, வம்சமும் சரி என்றால் தப்பு வேறு எங்காவது போய்த்தான் ஆக வேண்டும். அவன் கண் மெதுவாகத் திரும்பி மதினியின் கையில் நின்றது. "மொதக் குட்டிய எடுத்தது யாரு?" என்றான்.

"நாந்தான் எடுத்தேன்" என்றாள் மதினி. "எல்லாத்தையும் நாந்தான் எடுத்தேன். இதத் தூக்கி எறிஞ்சிருந்தா ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. நான் எதையும் ஒளிக்கல."

அம்மா அதுவரை வாசற்படியில் தேர்க்கடையில் வாங்கிய வளையல் பொட்டலத்தோடு நின்றுகொண்டிருந்தாள். மதினி சொன்னதைக் கேட்டதும் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் எடுத்துவரப் போன என்னை வேண்டாம் என்று கையமர்த்தினாள்.

"விழும்லே" என்றாள் அண்ணனிடம். "எப்பவும் விழும். ஒவ்வொரு ஈத்துலயும் ஒண்ணு ரெண்டு விழும்."

அண்ணனுக்குப் புரியவில்லை. எனக்கும் உடனே புரியவில்லை.

அம்மா தரையைப் பார்த்தபடி சொன்னாள். அவள் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த புதிதில் குட்டி எடுக்க அவளைத்தான் அனுப்பினார்கள். ஒரு குட்டி திட்டோடு விழுந்தது. அவள் மாமியார் பார்த்துவிட்டு, எந்த நேரத்தில் எந்த வீட்டிலிருந்து வந்தாயோ என்று ஆரம்பித்தார். பால்சட்டியைத் தொடக்கூடாது, விதைநெல்லைத் தொடக்கூடாது, நல்ல காரியத்துக்கு முன்னால் நிற்கக்கூடாது என்று ஆனது. அடுத்த ஈத்தில் அம்மா யாரையும் கொட்டடிக்குள் விடவில்லை. திட்டு விழுந்த குட்டியை முந்தானையில் சுற்றி எடுத்துப்போய்த் தோப்புக் கிணற்றில் போட்டுவிட்டு வந்தாள். மற்றவர்கள் வந்து பார்த்தபோது எல்லாம் வெள்ளை. மாமியார் அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாராம். அன்றைக்கு வந்ததுதான் ராசிக்காரி என்ற பெயர். அதன்பிறகு ஒவ்வொரு ஈத்திலும் அந்தப் பெயரை அவள் காப்பாற்றிக்கொண்டிருந்தாள்.

"நம்ம நாய்க்குத் திட்டு விழாதுன்னு ஊரே சொல்லிச்சு. நாந்தான விழாம வச்சிருந்தேன்" என்றாள்.

நான் வகுப்பில் வருஷம் தவறாமல் பேசுகிறவள். வட்டம் எங்கே மூடுகிறது என்று கண்டுபிடிப்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. ஆனால் ஒரு வட்டத்தை மூடி வைத்திருக்க ஒரு ஆள் உள்ளே உட்கார்ந்து இவ்வளவு பாடுபட வேண்டியிருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அம்மாவின் மேல் வந்த ஆத்திரம் பாதி வழியிலேயே இரக்கமாகிவிட்டது.

அண்ணன் செருப்பைக்கூட மாட்டாமல் தெருவில் இறங்கிப் போனான்.

பிறகு என்ன ஆயிற்று என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆவணி பிறந்ததும் பெரியம்மா வந்தாள். அம்மா காப்பி கொடுத்து, மழை விசாரித்து, அந்தப் பேச்சை எடுக்கவே விடாமல் பஸ் ஏற்றிவிட்டாள். செவலைக் குட்டி தோப்பில் வளர்ந்தது. அது வெள்ளை நாய்களுக்கு எதிலும் குறைந்ததில்லை. யார் கேட்டாலும் அண்ணன் "நம்ம நாய்தான்" என்று சொல்ல ஒரு வருஷம் ஆனது, ஆனால் சொன்னான். எதிர்வீட்டுக்காரர் தங்கள் வீட்டிலும் திட்டுக்குட்டி விழுவதுண்டு என்று சிரித்தார். தொண்ணூறுகளில் எங்கள் வீட்டில் இரண்டு நிறமும் இருந்தது.

மதினிக்குக் குழந்தை பிறந்ததா என்று கேட்பீர்கள், எல்லாரும் கேட்கிறார்கள். பிறக்கவில்லை. பிறந்திருந்தால் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் ராசி திரும்பிவிட்டது என்று சொல்லியிருப்பார்கள், அந்த வார்த்தை இன்னும் இறுகியிருக்கும். குழந்தை இல்லாமலேயே அவள் அந்த வீட்டின் மனுஷியாக இருந்தாள். பால்சட்டியைத் தொட்டாள், விதைநெல்லைத் தொட்டாள். மோட்டார் மறுபடியும் எரிந்தது. அந்தமுறை மோட்டார் மெக்கானிக்கைத் திட்டினோம்.

ஆனால் அதெல்லாம் அப்புறம். அந்தச் சாயங்காலம் அண்ணன் போன பிறகு கொட்டடி வாசலில் நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம். யாரும் விளக்கைப் போடவில்லை. குட்டிகள் முட்டிமோதிப் பால் குடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. அம்மா தன் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மதினி அவள் எதிரில் போய் உட்கார்ந்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் மிகவும் தணிவாகத்தான் கேட்டாள்.

"இது இப்படித்தான்னு ஒங்களுக்குத் தெரியும். நான் வந்த நாள்லேருந்து தெரியும். தெரிஞ்சே என்னையச் சொன்னீகளே அத்தை?"

வாழ்க்கையில் ஒரு கேள்விக்கு நான் பதிலை எதிர்பார்க்காமல் இருந்தது அன்றைக்குத்தான்.

அம்மா தலை நிமிர்ந்தாள்.

"ஒன்னையச் சொல்லிக்கிட்டு இருந்தாத்தான் எம்மேல பழி வராதுன்னு இருந்தேன்ட்டி" என்றாள்.

மதினி அழ ஆரம்பித்தாள். இத்தனை வருஷத்து அழுகையையும் சேர்த்து, தெருவுக்குக் கேட்கட்டும் என்று அழுதாள். அம்மா அவளை அழாதே என்று சொல்லவில்லை.